ஏறியும் இறங்கியும் – 9: சாங்கிக் கைதி கண்டெடுத்த உப்பு

சென்ற வாரம் தஞ்சோங் ரம்புத்தான் வாசலில் விட்டேன். 1911-ல் திறந்த மனநோயாளர் விடுதி 1971-ல் பஹாகியா மருத்துவமனை ஆன கதையும், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் குடும்பத்துக்கு என்ன அதிகாரம் தருகிறது என்பதும் சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த வாரம், பைபோலார் நோய்க்குச் சிகிச்சை முடிந்து வெளியே வருகிறவர் எங்கே தங்குவார், யாரோடு தங்குவார் என்று எழுதுவதாகப் பேச்சு. எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஜான் கேய்ட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை ஆசிரியருக்குப் பக்கம் போக வேண்டும். கேய்ட் எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை. ஆகவே இந்த வாரம் அவருடையது.

பைபோலார் நோயாளி உள்ள வீட்டில் லித்தியம் மாத்திரையின் பெயர் கேள்விப்படாதவர்கள் குறைவு. மனம் ஏறுகிற காலத்தில் தூக்கம் தேவைப்படாது, பேச்சு நிற்காது, ஆ லோங்கிடம் கடன் வாங்கியாவது நாலு கைப்பேசி வாங்கச் சொல்லும். இறங்குகிற காலத்தில் பாயை விட்டு எழ விடாது. எத்தனையோ புது மருந்துகள் வந்த பிறகும், இந்த ஏற்ற இறக்கத்தை வருஷக்கணக்கில் மட்டுப்படுத்தி வைப்பதில் முன்வரிசையில் நிற்பது லித்தியம்தான். தற்கொலையைக் குறைக்கும் என்பதற்கும் இந்த மருந்துக்குத்தான் ஆதாரம் அதிகம். அப்படியென்ன அபூர்வ மருந்து என்றால், மண்ணிலிருந்து எடுக்கிற ஒரு உப்பு. கைப்பேசி பேட்டரிக்குள் இருக்கிற அதே லித்தியம். யாரும் காப்புரிமை வாங்கிப் பணம் பண்ண முடியாத சரக்கு.

அது மனநோய்க்கு உதவும் என்று நிரூபித்த மனிதர் மூன்றரை வருஷம் நமக்குப் பக்கத்திலேயே, சிங்கப்பூர் சாங்கியில், ஜப்பான்காரனிடம் கைதியாகக் கிடந்தவர். இதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கேய்ட் 1912-ல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர். முதல் உலகப் போருக்குப் போய் மனம் சோர்ந்து திரும்பியவர், பிறகு அரசாங்க மனநல மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்ந்தார். அதனால் பையன் வளர்ந்ததே மருத்துவமனை வளாகத்துக்குள். பஹாகியா குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் இந்தத் தொடரைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அந்தப் பிள்ளைப் பருவம் எப்படி இருந்திருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குத்தான் அவர்கள் 'பைத்தியம்'. வளாகத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் தோட்டம் கொத்துகிற மாமா, பந்து எடுத்துப் போடுகிற அண்ணன்.

1941 பிப்ரவரியில் கேய்ட் ராணுவ டாக்டராகச் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். மறு வருஷம் அதே பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. 1945 செப்டம்பர் வரை சாங்கி. மனம் பேதலித்த கைதிகளை அங்கே அவர் அருகிலிருந்து பார்த்தார். தவிடு நீக்கிய அரிசியும் பசியும் உடம்பில் பெரிபெரியாக வெளிப்படுவதைப் பார்த்தவருக்கு, மனநோய்க்கும் உடம்புக்குள் ஏதோ ஒரு ரசாயனக் காரணம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. பிள்ளை வளர்ப்பைக் குற்றம் சொல்லும் பேச்சுக்கு மவுசு இருந்த காலம் அது. நம் லயத்தில் அப்போது என்ன சொல்லியிருப்பார்கள் என்றும் தெரியும். காத்துக் கருப்பு, செய்வினை, குலசாமி கோபம்.

ஊர் திரும்பியவர் மெல்பர்னுக்கு வெளியே பண்டூரா மருத்துவமனையில், யாரும் பயன்படுத்தாத ஒரு சமையல் அறையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் சோதனைக்கூடம். மனக் கிளர்ச்சியில் இருக்கும் நோயாளிகளின் சிறுநீரைக் குப்பிகளில் பிடித்து வீட்டு ஐஸ்பெட்டியில் வைப்பார். பாலுக்கும் வெண்ணெய்க்கும் பக்கத்தில் அதை வைத்திருந்த கணவனை அந்த அம்மா எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம்.

அந்தச் சிறுநீரைக் கினி பன்றிகளுக்கு ஊசி வழியாக ஏற்றினார். பன்றிகள் செத்தன. அது ஏன் கொல்கிறது என்று ஆராய, அதிலுள்ள யூரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைக்க வேண்டியிருந்தது. எளிதாகக் கரைவது லித்தியத்தோடு சேர்ந்த உப்பு. அப்படித்தான், வேறெதற்கோ கைநீட்டிய இடத்தில் லித்தியம் கையில் வந்தது. லித்தியம் ஏற்றிய பன்றிகள் துள்ளவில்லை. மல்லாக்கப் போட்டால் அப்படியே சாந்தமாகக் கிடந்தன. அவை சாந்தமானவை அல்ல, மருந்து அளவு மீறி நோய்ப்பட்டுக் கிடந்தவை என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இருக்கலாம். தப்பான தடயத்தைப் பிடித்துச் சரியான வீட்டுக்குப் போன துப்பறிவாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதருக்குக் கொடுக்கும் முன் அவர் தாமே விழுங்கிப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. மனக் கிளர்ச்சியில் இருந்த பத்துப் பேருக்குக் கொடுத்த விவரம் அதில் இருக்கிறது. முதல் ஆள் 51 வயதுக்காரர். ஐந்து வருஷமாக இடைவிடாத கிளர்ச்சி. வார்டில் யாருக்கும் அடங்காதவர், இனி வெளியே போக மாட்டார் என்று எழுதி வைத்தாயிற்று. 1948 மார்ச் கடைசியில் லித்தியம் தொடங்கினார்கள். சில நாளில் மாற்றம் தெரிந்தது. மூன்று வாரத்தில் தேறி வருபவர்களின் வார்டுக்கு மாறினார். ஜூலையில் வீட்டுக்கே போனார். பழைய வேலையிலும் சேர்ந்தார்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடும். மிச்சத்தைச் சொல்கிறேன். வெளியே போனவர் கொஞ்ச நாளில் மாத்திரையை விட்டுவிட்டார். நன்றாக இருக்கிறோமே, எதற்கு? மறுபடி ஏறியது. 1949 தொடக்கத்தில் மறுபடி வார்டு. மறுபடி லித்தியம். 1950-ல் இறந்தார். நோயால் இல்லை, லித்தியம் உடம்பில் நஞ்சாகச் சேர்ந்ததால். அதோடு கேய்ட் தம் மருத்துவமனையில் லித்தியம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கொடுத்தால் ஆபத்தைத் தவிர்க்கலாம் என்று 1951-ல் அதே மெல்பர்னில் நோவாக், டிரவுட்னர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். பிறகு டென்மார்க்கில் மோகன்ஸ் ஸ்கௌ என்ற டாக்டர் பல வருஷம் இதையே பிடித்துக்கொண்டு நின்றார். அமெரிக்கா அனுமதித்தது 1970-ல்தான். அந்த நாட்டுக்குத் தயக்கம் இருந்ததற்குக் காரணம் உண்டு. 1940களில் இருதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக அங்கே லித்தியம் குளோரைடு விற்றார்கள். தாராளமாகத் தூவிச் சாப்பிட்டுச் சிலர் இறந்தார்கள். 1949-ல் தடை. அதே நாட்டில் 1929-ல் வந்த செவன் அப் பானத்தில் ஆரம்ப காலத்தில் லித்தியம் கலந்திருந்தது என்பது கொசுறு. இப்போது கடையில் வாங்குவதில் இல்லை. சீனியைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

இங்கே போன வாரம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு அக்கா. தம்பிக்கு லித்தியம் ஓடிக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, தைப்பூசத்துக்கு ஈப்போ குனோங் சேரோவுல காவடி எடுக்கிறேன்னு நிக்கிறான். நல்லாத்தான் இருக்கான். எடுக்கட்டுமா?"

"விரதம் எப்படிம்மா?"

"உப்பில்லாமத்தான். தண்ணியும் சாயந்தரத்துக்கு மேலதான்."

டாக்டரைப் பார்க்காமல் வேண்டாம் என்றேன். பக்தியின்மேல் எனக்கு வழக்கு இல்லை. சிறுநீரகத்துக்கு லித்தியமும் சாப்பாட்டு உப்பும் ஏறக்குறைய ஒரே முகம். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துவிடும். தண்ணீர் குறைந்தாலும் இதே கதை. வெயிலில் வியர்த்து நடக்கிறவனுக்கு இரண்டும் சேர்ந்து குறையும். நேற்று வரை சரியாக இருந்த அதே மாத்திரை, அதே எண்ணிக்கை, இன்றைக்கு நஞ்சாகிவிடலாம். ரமலான் நோன்பு பிடிக்கிற நண்பர்களுக்கும் இது பொருந்தும். நோன்புக்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசி வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது கோலா கங்சாரில் தினமும் நடக்கிறது. செம்பனைக் குலை தள்ளி இடுப்பு வலி. பெண்களுக்கு மாத வலி. கைக்கு முதலில் வருவது பொன்ஸ்தான். அந்த வகை வலி மாத்திரைகள், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் சேர்த்து, லித்தியம் அளவை ஏற்றிவிடும். பனடோல் அப்படிச் செய்யாது. மருந்துக் கடையில் "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்குத்தான் வாய் வருவதில்லை.

அளவு ஏறினால் எப்படித் தெரியும்? கை நடுக்கம் பெரிதாகும். வாந்தி, வயிற்றுப்போக்கு. நாக்குக் குழறும். நடை தள்ளாடும். இந்தக் கடைசி இரண்டையும் படித்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றியது? தோட்டத்துக்காரர்களுக்குத் தோன்றுவதும் அதுதான். சம்சு போட்டிருக்கான், படுக்கப் போடு, காலையில தெளிஞ்சிரும். தெளியாது. உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டிய ஆள் அவர்.

தங்கும் வசதியைப் பற்றி எழுத வந்தவன் உப்புக் கணக்குப் பேசுகிறேன் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இரண்டும் ஒன்றுதான். பைபோலார் உள்ளவருக்கு மருத்துவமனைப் படுக்கை தேவைப்படுவது ஏறி நிற்கிற, அல்லது உயிருக்கு ஆபத்தாக இறங்கி நிற்கிற சில வாரங்களுக்கு. மிச்சக் காலம் முழுவதும் தேவைப்படுவது, மாத்திரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள். தூக்கம் குறைவதை முதல் ராத்திரியே கவனிக்க ஒரு ஆள். ஏறுகிற காலத்தில் வங்கி அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள, அதுவும் அவர் தெளிவாக இருக்கும்போதே சம்மதம் வாங்கி, ஒரு ஆள். நிலைப்பட்ட பிறகும் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. கூடவே சிறுநீரகமும் தைராய்டும். இராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். கிளினிக் வரிசையில் நிற்கும்போது காலை மாத்திரையை விழுங்கிவிட்டால் கணக்கே தப்பு. நிபுணர் கிளினிக்கில் குடிமக்களிடம் வாங்குவது 5 வெள்ளி. தைப்பிங்குக்கோ ஈப்போவுக்கோ போய் வரும் செலவும், போகிற அன்று அறுந்துபோகும் நாள் கூலியும் அதைவிட எத்தனையோ மடங்கு.

லயத்துக் காலத்தில் இந்த 'ஆள்' இருந்தார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். ஒருத்தன் இராத்திரி முழுக்கத் தூங்காமல் நடந்தால் பெரட்டுக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும், டிரெசர் காதுக்கும் போகும். உண்மைதான். தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டி வைத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள், கடைசியில் ரயிலேற்றித் தஞ்சோங் ரம்புத்தானில் விட்டுவிட்டுச் சிலர் திரும்பிப் பார்க்கவே இல்லை. லயத்தை நான் சொர்க்கம் ஆக்க மாட்டேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, சனங்கள் அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகு அந்தக் கெடுதலோடு அந்தக் கவனிப்பும் போயிற்று. பக்கத்துக் கதவு பூட்டியே கிடக்கிறது. 1877-ல் நட்ட ரப்பரில் மிஞ்சிய ஒரு மரத்துக்கு நம் கோலா கங்சாரில் வேலி போட்டுப் பலகை வைத்திருக்கிறோம். மருத்துவமனையிலிருந்து வெளிவருகிற அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கு நாலு பேர் சேர்ந்து தங்க ஒரு வாடகை வீடு கேட்டால், வீட்டுக்காரர் முகவரியைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்.

என் முடிவு இது. கேய்ட்டின் முதல் நோயாளிக்கு மருந்து பலித்தது, வீடு பலிக்கவில்லை. 1948-ல் இரத்த அளவு பார்க்கும் வழக்கமும் இல்லை, அவர் வீட்டுக்குப் போன பின் மாத்திரையைத் தொடர வைக்க ஆளும் இல்லை. முதல் குறையை மூன்று வருஷத்தில் தீர்த்துவிட்டார்கள். இரண்டாவதை நாம் இன்னும் தீர்க்கவில்லை. படுக்கைகளைக் கூட்டுங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள், வெளியே வருகிறவருக்கு வீடு எங்கே என்பதையும் பேச வேண்டும்.

அந்த வீடுகள் அடுத்த வாரம். பெல்ஜியத்தில் கெயில் என்ற ஊரில் நூற்றாண்டுகளாக மனநோயாளிகளைச் சாதாரணக் குடும்பங்களே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். சென்னையில் 1993-ல் தொடங்கிய பான்யன் அமைப்பு, வருஷக்கணக்கில் விடுதியில் கிடந்தவர்களை நாலைந்து பேராக வாடகை வீடுகளில் குடிவைத்திருக்கிறது. இரண்டையும் எழுதுகிறேன். வேறு யாரும் குறுக்கே வராவிட்டால்.

அதுவரை, லித்தியம் சாப்பிடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால் மூன்று வேலை. அடுத்த இரத்தப் பரிசோதனைத் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். வலி மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். விரதம் என்று பேச்சு வந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனம் தாங்கவில்லை, உயிரை விடலாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555.