மர ஏட்டுச் சித்திரம்: தச்சறியாதார்க்கும் ஒரு கைப்பணி

கல்வி பயின்றோர் கைத்தொழிலைக் கண்டு ஒதுங்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. பேனா பிடித்த கை உளி பிடிக்கத் துணிவதில்லை. துணியினும், இவ்வயதில் இனி எங்ஙனம் பழகுவது என்னும் ஐயம் அதனைத் தடுத்துவிடுகின்றது. அவ்வையத்துக்கு இடமளியாத மரவேலை ஒன்று உண்டு. 'மார்க்கெட்ரி' என மேலைநாட்டார் வழங்கும் அதனை மர ஏட்டுச் சித்திரம் என நாம் அழைக்கலாம். சீவுளியையும் வாளையும் தொட்டறியாதாரும் அதனைத் தொடங்கலாம். ஏனெனில் அது தச்சு வேலையிலும் பார்க்கச் சித்திர வேலைக்கே அண்மையது.

மரத்தைக் குடைந்து, குடைந்த குழியில் வேறு மரத்தையோ தந்தத்தையோ பொருத்துவது பதித்தல் வேலை. அதற்கு உளித்திறன் இன்றியமையாதது. மர ஏட்டுச் சித்திரம் அத்தகையதன்று. 'வெனீர்' எனப்படும் மெல்லிய மர ஏடுகளைப் பல வடிவங்களில் வெட்டி, விளிம்போடு விளிம்பு பொருந்த இணைத்து, முழுச் சித்திரத்தையும் ஒரு பலகையின் மேல் ஒட்டுவதே இதன் முறை. இக்கால ஏட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர், ஆகவே கூரிய கத்தி ஒன்றே அதனை வெட்டப் போதும்.

இக்கலையின் மரபு பெரிது. இத்தாலியில் 1478 முதல் 1482 வரையான காலத்தளவிலே கூபியோ அரண்மனைக்கென ஒரு சிற்றறை அமைக்கப்பட்டது. அதன் சுவரிலே பாதி திறந்த அலுமாரிகளும், அவற்றினுள் நூல்களும் இசைக்கருவிகளும் இருப்பனபோலத் தோன்றும். உண்மையில் அனைத்தும் தட்டையான மரத்துண்டுகளே. அது இப்பொழுது நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. பிரெஞ்சு மன்னர் 15ஆம் லூயிக்காக ஓபன் என்பவர் 1760இல் தொடங்கிய எழுதுமேசையை, அவர் மறைந்தபின் றீசனர் 1769இல் நிறைவேற்றினார். இவை தொழில்வல்லார் செய்தவை. ஆயினும் 1952இல் பிரித்தானியாவில் மார்க்கெட்ரிச் சங்கம் நிறுவப்பெற்றதும், வீட்டு மேசையிலே ஓய்வு வேளையில் இதனைப் பயில்வோர் மலிந்ததும், இக்கலை அரண்மனைக்கே உரியதன்று என்பதைக் காட்டும்.

வேண்டிய கருவிகள் சிலவே: அலகு மாற்றத்தக்க சத்திரக்கத்தி, வெட்டுதற்கு அடியில் இடும் மட்டை, காபன் தாள், இரும்பு அடிமட்டம், பி.வீ.ஏ. எனப்படும் வெண்பசை, ஒட்டுத்தாள். ஏடுகளுக்குத் தளபாடம் செய்வோரிடம் கழிவுத் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதற் சித்திரம் பத்துத் துண்டுகளுக்கு மேற்படாதிருத்தல் நன்று. பனையோலையின் கூர்நுனிகள் தொடக்கத்தில் ஒடிந்து மனத்தை முறிக்கும். வானும் கடலும் பாய்த்தோணியும் அமைந்த காட்சி எளிது. காட்சியை ஒரு மட்டையில் வரைந்துகொள்க. வானத்துக்குரிய பகுதியை மட்டையிலிருந்து வெட்டி நீக்கினால் ஒரு சாளரம் உண்டாகும். அச்சாளரத்தின் கீழ் மர ஏட்டை வைத்து, அழகிய பகுதி தெரியும்வரை நகர்த்துக. பின்னர் சாளர விளிம்பை ஒட்டிக் கத்திமுனையால் மெல்லக் கோடிட்டு, ஏட்டை வெளியே எடுத்து, அக்கோட்டின்வழி வெட்டிச் சாளரத்திற் பொருத்துக. விளிம்பிற் சிறிது பசை போதும். அடுத்துக் கடல், அதன்பின் தோணி. பின்னணியிலிருந்து முன்னணிக்கு வருவதே ஒழுங்கு. ஒரே அழுத்தத்தில் வெட்ட முயலற்க. மென்மையாகப் பலமுறை கீறுதலே ஏட்டைப் பிளவாது காக்கும்.

சாளர முறையின் சிறப்பு யாதெனில், வெட்டுமுன்னரே பயனைக் காணலாம் என்பது. மரத்தின் வரிகளே இங்கு தூரிகை. வரி கிடையாக ஓடினால் அமைதியான நீர். சற்றுச் சரிந்தால் அலை. பாயிலே நெடுக்காக ஓடினால் காற்று நிறைந்த தோற்றம். ஒரே ஏட்டைக் குறுக்காகத் திருப்பினாலும் ஒளி வேறுபட்டு நிறம் மாறியதுபோலத் தோன்றும். இதனைக் காணும் கண்ணைப் பெறுதலே இப்பயிற்சியின் முதற்பயன்.

நிழல் காட்டுதற்குச் சாயம் வேண்டுவதில்லை. இரும்புத் தாச்சியில் நுண்மணலைச் சூடாக்கி, ஏட்டின் விளிம்பைச் சாவணத்தாற் பிடித்துச் சில வினாடி புதைத்தால், அது படிப்படியாகக் கபில நிறமடையும். வெப்பத்தால் ஏடு சுருங்குமாதலின், நிழலூட்டியபின்னரே இறுதி அளவுக்கு வெட்டல் வேண்டும். கழிவுத்துண்டில் முதலிற் சோதித்துக்கொள்க.

முடிந்த சித்திரத்தின் முகப்பில் ஒட்டுத்தாள் பரப்பி, மறுபுறத்தை ஒட்டுப்பலகையிற் பசையிட்டு, பாரத்தின்கீழ் ஒருநாள் வைக்க வேண்டும். பலகையின் பின்புறத்திலும் ஓர் ஏட்டை ஒட்டுதல் கட்டாயம். ஒருபுறம் மாத்திரம் ஒட்டிய பலகை வளைந்துவிடும். காய்ந்தபின் ஒட்டுத்தாளை ஈரப்படுத்தி நீக்கி, நுண்ணிய அரத்தாளால் தேய்க்குக. கருங்காலியின் தூள் அயலிலுள்ள வெண்மரத்தின் நுண்டுளைகளிற் படிந்து கறைப்படுத்தும்; ஆதலின் மதுசாரத்திற் கரைத்த அரக்கை முதலில் மெல்லப் பூசிக்கொள்வது பாதுகாப்பு.

இக்கலை நம் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமன்று. 19ஆம் நூற்றாண்டில் காலிப் பகுதிக் கைவினைஞர் பலவகை மரங்களை ஒரே முகத்தில் இணைத்துச் செய்த மேசைகளும் பெட்டிகளும் கப்பலேறிச் சென்றன. அவற்றை அழகுசெய்த மரங்களுள் களுமெதிரிய என்னும் கலமந்தர் அந்நூற்றாண்டிலேயே அருகிவிட்டது. கருங்காலியும் முதிரையும் இன்று எளிதிற் கிடைப்பனவல்ல. மரத்தின் அருமையை உணராது வெட்டிய காலத்தின் விளைவு இது. ஓர் அங்குல அகலமுள்ள துண்டையும் எறியாது பேணி, அதற்குரிய இடம் வரும்வரை காத்திருப்பதே மர ஏட்டுச் சித்திரக்காரனின் வழக்கம். உடைந்த பழந்தளபாடத்தின் மேலேடும் அவனுக்குச் செல்வமே.

நூல்களிலே மரங்களின் பெயர்களைக் கற்றோம். அவற்றின் வரியையும் மணத்தையும் வன்மையையும் கை மாத்திரமே கற்பிக்கும். ஓய்வு பெற்ற பழைய மாணவர்க்கும், பரீட்சைச் சுமையால் களைத்த இளைஞர்க்கும், மாலையில் ஒரு மணிநேரமும் ஒரு கத்தியும் இதற்குப் போதும். முதற் சித்திரத்தின் இணைப்புக்களில் இடைவெளி தெரியும். இரண்டாவதில் அது குறையும். தொடங்குவோமாக.