கிணற்று நீரைச் சோதித்த காகிதம்

மீள்குடியேறியதும் நாங்கள் முதலில் இறைத்துத் துப்புரவாக்கியது கிணற்றைத்தான். தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆனால் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிக் கழிவும் இலகுவாக நிலத்தடி நீரை அடைகின்றன.

அதைக் காட்டித்தந்தது ஒரு சோதனைக் காகிதம். காகிதத்தின் செலுலோசு நார்கள் நீரை உறிஞ்சும். அதில் ஊறவைத்து உலர்த்திய இரசாயனங்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றி, இளஞ்சிவப்புச் சாயத்தை உண்டாக்கும். நிறம் கடுமையானால் அளவும் அதிகம். எங்கள் காகிதம் கடுமையாகவே சிவந்தது.

வீட்டில் பேத்திக்கு இரண்டு மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதை மிஞ்சிய நீரில் பால்மா கரைத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம்பாரிக்கலாம். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

காகிதம் சொல்வது அண்ணளவுதான். சிவந்தால் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யுங்கள். அதுவரை குழந்தைக்கு வேறு நீர் தேடுங்கள்.