மெழுகுச் சட்டை போட்ட கிருமி



சென்னை டோல்கேட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். தலைக்கு மேலே மெட்ரோ ரயில் ஓடும். நடுவிலே காற்றுப் புகாத சின்னச் சின்ன வீடுகள். நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துப் பிள்ளைகள் பலபேர் லோடு வேலைக்கு அங்கேதான் போகிறார்கள். அப்படிப் போன ஒரு தம்பியை டோல்கேட் டீக்கடையில் பார்த்தேன். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"என்ன தம்பி, இப்படி இளைச்சுப் போயிட்டே?"

"டி.பி.ன்னாங்க சார். ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். இருமல் நின்னுபோச்சு, பசியும் எடுத்துது. அதான் விட்டுட்டேன். இப்போ மறுபடியும் இருமுது."

அந்தத் தம்பி சோம்பேறி இல்லை. குணமாகிவிட்டது என்று நினைத்தான், அவ்வளவுதான். அது ஏன் தப்புக் கணக்கு என்று விளங்க வேண்டுமானால், இந்தக் கிருமி போட்டிருக்கிற சட்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேப்பங்கிழங்கு இலையில் மருந்து தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். இலைமேல் மெழுகு இருப்பதே காரணம். அதற்காகத்தான் டீபால் போன்ற ஒட்டும் திரவத்தைக் கலந்து அடியுங்கள் என்று சொல்லுகிறோம். காசநோய்க் கிருமியும் இப்படித்தான். அதன் சுவரில் பெரும்பங்கு கொழுப்பும் மெழுகும். அதில் முக்கியமானது மைக்காலிக் அமிலம். நம் வீட்டு நல்லெண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்தில் பெரும்பாலும் 18 கரி அணுக்கள் சங்கிலியாகக் கோத்திருக்கும். மைக்காலிக் அமிலத்திலோ 60 முதல் 90 வரை இருக்கும். அவ்வளவு கெட்டியான மெழுகு!

ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1882 மார்ச் 24 அன்று இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். சாயம் ஏறாத இந்தக் கிருமியைச் சாயமேற்றிப் பார்ப்பதே அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டுகிறார்கள். சூட்டில் மெழுகு இளகிச் சாயம் உள்ளே போகும். பிறகு அமிலம் ஊற்றிக் கழுவினால் மற்றக் கிருமிகள் வெளுத்துவிடும். இது மட்டும் சிவப்பாகவே நிற்கும். அது போட்டிருக்கிற சட்டையே அதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

உடம்புக்குள்ளே இந்த மெழுகு என்ன செய்கிறது? நம் இரத்தத்தில் காவல்காரர் மாதிரி சில அணுக்கள் உண்டு. கிருமியை விழுங்கிச் செரித்துவிடுவதுதான் அவற்றின் வேலை. காசநோய்க் கிருமியையும் விழுங்கத்தான் செய்கின்றன. ஆனால் சட்டையில் உள்ள சில கொழுப்புகள் அந்தச் செரிமானத்தைத் தடுத்துவிடுகின்றன. காவல்காரர் வீட்டுக்குள்ளேயே திருடன் குடியிருக்கிற கதை!

நம் சென்னைக்கு இந்த ஆராய்ச்சியில் பெரிய பங்கு உண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அக்காலத்தில் காசநோய் என்றாலே ஊருக்கு வெளியே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டும். சென்னை ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுவதும் வைத்திய முறை மாறியது இதற்குப் பிறகுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. சென்னை நோயாளிகளின் கிருமியையும் இங்கிலாந்து நோயாளிகளின் கிருமியையும் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தி, 1960 வாக்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சென்னைக் கிருமிகளில் பல, கினிப்பன்றிக்குச் சாதுவாக இருந்தன. 1974-இல் அப்படிப்பட்ட கிருமிகளின் சட்டையில் ஒரு தனி வகைக் கொழுப்பு இருப்பதை அமெரிக்காவில் கண்டார்கள். அதற்காக நம்ம ஊர்க் கிருமி நல்ல கிருமி என்று நினைத்துவிடாதீர்கள். கினிப்பன்றிக்குச் சாதுவானது மனிதனின் நுரையீரலை அரிக்கத்தான் செய்தது.

இனி மருந்துக்கு வருவோம். 1952-இல் வந்த ஐசோனியசிட் என்ற மாத்திரை, கிருமி புதுச் சட்டை தைப்பதையே தடுத்துவிடுகிறது. மைக்காலிக் அமிலம் இல்லாமல் கிருமி சாகும். ஆனால் ஒரு விஷயம்: வளர்ந்துகொண்டிருக்கிற கிருமிதான் சட்டை தைக்கும். தூங்குகிற கிருமி தைக்காது. இந்த மாத்திரை அதை அவ்வளவாகத் தொடாது.

கோரையை நினைத்துப் பாருங்கள். மேலே களை எடுத்தால் வயல் சுத்தமாகத் தெரியும். மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கும். பத்து நாளில் மறுபடி தலை நீட்டும். இரண்டு மாத மருந்தில் நம் தம்பி எடுத்தது மேல்களை. இருமல் நின்றதும் பசி எடுத்ததும் அதனால்தான். கிழங்கை அழிக்கத்தான் ரிஃபாம்பிசின் முதலிய மருந்துகளையும் சேர்த்து, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்று ஆறு மாதம் கொடுக்கிறார்கள். பாதியில் விட்டால் எஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாத இனமாக மாறக்கூடும். ஒரே பூச்சிமருந்தை அரைகுறையாக அடித்து, பூச்சி அதற்குப் பழகிப்போனதை நாம் பார்க்கவில்லையா?

ஆகவே இவற்றை மனத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. மருந்தைப் பாதியில் விட்டவர்கள் பழைய மாத்திரையைக் கடையில் வாங்கித் தாங்களாகவே தொடரக் கூடாது. எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு இப்போது சில மணி நேரத்தில் முடிவு சொல்லும் கருவி இருக்கிறது. மாட்டுக்கும் காசநோய் உண்டு. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள். தொழுவத்தில் கறந்த சூட்டோடு குடிக்கிற பழக்கம் வேண்டாம். நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து ஒதுக்காதீர்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அந்தத் தம்பியை அன்றைக்கே சளி கொடுக்க அழைத்துப் போனேன். வழியில் ஒன்றே ஒன்று கேட்டான்: "நடவுக்கு ஊருக்குப் போகலாமா சார்? போனா மருந்து நின்னுடுமே?"

நிற்க வேண்டியதில்லை. ஊருக்குப் போவதை ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சொன்னால், நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைக்க ஏற்பாடு செய்வார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை பட்டணத்திலிருந்து இளைத்துத் திரும்பி வந்தால், நடவுக்கு இறக்கிவிடும் முன்னே கேளுங்கள்: "மாத்திரை சாப்பிடறியா? எத்தனை மாசம் ஆச்சு?"