மொட்டை மாடிக்கு எந்தத் தொலைநோக்கி?

1977 மார்ச் 10. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை ஒட்டிக் கடந்துகொண்டிருந்தது. சேலத்துக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியும் அதைத் தொடர்ந்தது. நடுவே விண்மீனின் ஒளி சற்றுக் குறைந்து மீண்டதை ஒளிமானி பதிவு செய்தது. யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பதைக் காட்டிக்கொடுத்த இரவு அது. வளையத்தை யாரும் கண்ணால் காணவில்லை, கருவிதான் கண்டது.

கண்ணா, கருவியா என்ற கேள்வி இன்று தொலைநோக்கி வாங்க நினைக்கும் சேலம், நாமக்கல்காரர்களுக்கும் வந்திருக்கிறது.

சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸே கிடையாது. 50 மி.மீ. வில்லை, அதன் பின்னால் கேமரா சென்சார், மோட்டார், வைஃபை. எடை இரண்டரை கிலோ. போனில் ஓரியன் நெபுலாவைத் தொட்டால் போதும். முதலில் வானத்தைப் படமெடுத்து, அதிலுள்ள விண்மீன்களைத் தன்னிடமுள்ள வரைபடத்தோடு ஒப்பிட்டு, தான் எந்தத் திசையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு திரும்பும். பிறகு 10 விநாடிப் படங்களாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். படத்துக்குப் படம் மாறும் புள்ளி இரைச்சல் தேய்ந்துபோகும். மாறாத நெபுலா மேலெழும். சேலம் ஐந்து ரோடு விளக்கு வெளிச்சத்திலும் நிறத்தோடு நெபுலா தெரிவது இதனால்தான். நகரத்து மாடியில் கண் வைத்துப் பார்க்கும் எந்தச் சிறு கருவியும் இதைச் செய்யாது.

ஆனால் கோள்களில் அது தோற்றுவிடுகிறது. குவியத்தூரம் 250 மி.மீ. மட்டுமே என்பதால், சனி தன் வளையங்களோடு சேர்த்தும் ஏறத்தாழ 18 பிக்சல் அகலம்தான்.

ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி இதற்கு நேர்மாறானது. 150 மி.மீ. ஆடி, குழாய், மரப்பெட்டித் தாங்கி, அவ்வளவுதான். மோட்டார் இல்லாததால் கையால் தள்ளித்தான் தேட வேண்டும். பழகச் சில வாரம் ஆகும். ஆனால் 50 மி.மீ. வில்லையைவிட ஒன்பது மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. குவியத்தூரம் 1200 மி.மீ.; 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 120 மடங்கு. சனியின் வளையம் கோளிலிருந்து விலகி நிற்பது தெரியும். மே மாத இரவு 10 மணி வாக்கில் கொல்லிமலைக்குக் கொண்டுபோனால், தெற்கே 31 பாகை உயரத்தில் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து மணல் மணலாய்ப் பிரியும். லண்டனில் அது உதிப்பதே இல்லை. நம் அட்சரேகைக்குக் கிடைத்த கொடை.

நகர வெளிச்சத்தில் வாழ்ந்து, நெபுலா படங்களை விரும்புபவர் ஸ்மார்ட் கருவி வாங்கலாம். பள்ளிக்கூடத்துக்கு, குழந்தைகளுக்கு என்றால் தயங்காமல் டாப்சோனியன்தான் என்பேன். சனியிலிருந்து வரும் ஒளி நேராகத் தன் கண்ணில் விழுவதைப் பிள்ளை ஒருமுறையேனும் உணர வேண்டும்.

இரண்டில் எதை வாங்கினாலும், அட்டைப்பெட்டியில் '525 மடங்கு' என்று அச்சிட்ட 60 மி.மீ. தொலைநோக்கியை மட்டும் வாங்காதீர்கள். அந்த அளவு வில்லையில் 120 மடங்கைத் தாண்டினால் படம் மங்கத்தான் செய்யும்.