பாட்டி கதையைப் பட்டதாரி படிக்கலாமா?

சென்ற மார்கழியில் ஓர் இரவு. தில்லிக் குளிர் எலும்பைத் துளைத்துக்கொண்டிருந்தது. நான் கம்பளிக்குள் சுருண்டு ஒரு புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். தேர்வுக்கு வேண்டிய நூலென்று எண்ணி என் அறைத்தோழி எட்டிப் பார்த்தாள். பார்த்தவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எம்.எஸ்ஸி. இறுதியாண்டில் சிண்டரெல்லா கதையா? அடுத்த வாரம் அரிச்சுவடி தொடங்குவாயோ?" என்றாள்.

மறுநாள் காலை இட்லி ஆறுவதற்குள் செய்தி விடுதி முழுவதும் பரவிவிட்டது. இருபத்துமூன்று வயதில் தேவதைக் கதை படிப்பது குற்றமாயின், நான் குற்றவாளியே. ஆனால் எந்தக் குற்றவாளிக்கும் தன் கட்சியை எடுத்துரைக்க உரிமை உண்டன்றோ? அவ்வுரிமையை நம் மன்ற மலரின் பக்கங்களில் பயன்படுத்திக் கொள்கிறேன்.

முதலில் அப்புத்தகங்கள் எத்தகையவை என்பதைக் கூறிவிடுகிறேன். பதின்வயதினர்க்கென்று எழுதப்பெறும் நாவல்கள் மேல்நாடுகளில் தனித் துறையாகவே வளர்ந்துள்ளன. அவற்றுள் ஒரு பகுதி, பழைய தேவதைக் கதைகளைப் புதிதாகத் திருப்பிச் சொல்பவை. கதை பழையது; கேள்வி புதியது. மரிஸ்ஸா மேயர் 2012-இல் எழுதிய 'சிண்டர்' என்னும் நாவலில் சிண்டரெல்லா பாதி மனுஷி, பாதி இயந்திரம். விருந்து மண்டபத்திலிருந்து ஓடும்போது அவள் விட்டுச் செல்வது காலணியை அன்று, காலையே!

இவ்வகைக் கதை நமக்குப் புதிதன்று. வடையைப் பறிகொடுத்த காக்கையின் கதையைக் கேட்டு வளர்ந்த நாம், வடையைக் காலின்கீழ் வைத்துக்கொண்டு பாடிய காக்கையின் கதையையும் கேட்டுச் சிரித்திருக்கிறோம். இரண்டாம் கதையின் சுவை எங்கிருந்து வருகிறது? முதற்கதை நமக்குத் தெரியும் என்பதிலிருந்தே வருகிறது. முதற்கதையை அறியாத குழந்தைக்கு இரண்டாம் கதையில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே, திருப்பிச் சொல்லப்பெறும் கதையை முழுதும் சுவைக்க வல்லவர் வளர்ந்தவரே. என் வழக்கின் முதல் வாதம் இது.

"இருப்பினும் இவையெல்லாம் குழந்தைகளுக்காகப் பிறந்தவைதாமே?" என்று கேட்பீர்கள். அங்குதான் வரலாறு நம்மை வியக்க வைக்கிறது.

சார்லஸ் பெரோ என்பவர் 1697-இல் பிரான்சு நாட்டில் ஒரு கதைத் தொகுதியை வெளியிட்டார். அவர் பிரெஞ்சுக் கழகத்தின் உறுப்பினர். அந்நாளில் பாரிசு நகரத்துச் சீமாட்டிகளின் கூடங்களில் இத்தகைய கதைகளைப் புனைந்து கூறுவது பெரியோர்க்குரிய பொழுதுபோக்காக இருந்தது. பெரோ சொன்ன சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, கதை முடிந்துவிடுகிறது. வேடன் வரவில்லை, வயிற்றைக் கிழிக்கவில்லை, மீட்பில்லை. இறுதியில் உள்ள நீதிப் பாட்டு, இனிக்கப் பேசும் மனித ஓநாய்களிடம் இளம்பெண்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்கிறது. இது தொட்டிற் குழந்தைக்குரிய அறிவுரையா?

செருமனியில் யாக்கோபு கிரிம், வில்லெம் கிரிம் என்னும் உடன்பிறந்தார் இருவரும் 1812-இல் தம் தொகுதியின் முதற் பகுதியை வெளியிட்டனர். அதில் ஆராய்ச்சிக் குறிப்புகள் நிறைந்திருந்தன. ஏழைக் குடியானவர் வாய்மொழியே அக்கதைகள் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், கதை சொன்னவர்களுள் பலர் படித்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள். 1857 வரை பெரும்பதிப்புகள் ஏழு வந்தன. பதிப்புக்குப் பதிப்பு வில்லெம் கதைகளைத் திருத்திக்கொண்டே சென்றார். 1825-இல் ஐம்பது கதைகளை மட்டும் பொறுக்கிச் சிறுவர்க்கேற்ற சிறுபதிப்பு ஒன்றையும் வெளியிட்டனர்.

திருத்தங்கள் எத்தகையன? 'ஸ்னோ ஒயிட்' கதையை எடுத்துக்கொள்வோம். மகளின் அழகைக் கண்டு பொறாமை கொண்டு அவளைக் கொல்லத் துணியும் அரசி யார்? சிற்றன்னை என்று உடனே விடை கூறுவோம். ஆனால் 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் பெற்ற தாய்! 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சிற்றன்னை ஆனாள். பஞ்ச காலத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரத் தூண்டும் ஹேன்சல், கிரெட்டல் ஆகியோரின் தாயும் அவ்வாறே பின்னொரு பதிப்பில் சிற்றன்னையாக மாற்றப்பட்டாள். பெற்றவள் இவ்வாறு செய்வாள் என்று அச்சிட அவர்கள் கை கூசியிருக்க வேண்டும். பழியெல்லாம் இளையாள் தலையில் விழுந்தது. இன்றுவரை உலகத்துச் சிற்றன்னையர் அப்பழியைச் சுமக்கின்றனர்!

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் உறங்கவில்லை. குழந்தையாக இருந்தபோது, "பிறகு என்ன ஆயிற்று?" என்பதொன்றே என் கேள்வி. இப்போதோ, "இதை மாற்றியவர் யார்? ஏன் மாற்றினார்?" என்று கேட்கத் தோன்றுகிறது. கேள்வி மாறும்போது அதே கதை வேறு கதையாகிவிடுகிறது.

நான் பயில்வது உயிரியல். ஆற்றுமீன்கள் சிலவற்றின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு, அவற்றின் உறவுமுறையைக் கிளைமரமாக வரைவது என் திட்டப்பணி. அதில் ஓர் அடிப்படை உண்டு. எல்லா மீன்களிலும் ஒன்றுபோல் இருக்கும் பகுதி நமக்கு எதையும் சொல்லாது. எங்கே மாற்றம் நிகழ்ந்திருக்கிறதோ, அம்மாற்றத்தை எவையெவை பகிர்ந்து கொண்டிருக்கின்றனவோ, அதுவே உறவைக் காட்டும். ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற மாற்றம், பங்காளிகளுக்குப் பொதுவான தழும்பு போன்றது.

இம்முறையைக் கதைகளின்மேல் செலுத்திப் பார்த்தார் ஒருவர். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்து மானிடவியல் அறிஞர் ஜாம்ஷித் தெஹ்ரானி, சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதையையும் அதன் உறவுக் கதைகளையும் பல நாடுகளிலிருந்து எடுத்து, 58 வடிவங்களை ஒப்பிட்டு 2013-இல் ஆய்வுரை வெளியிட்டார். ஏமாறுவது சிறுமியா, ஆட்டுக்குட்டிகளா? ஏமாற்றுவது ஓநாயா, புலியா? இறுதியில் தப்புகிறார்களா, இல்லையா? இவ்வாறு கூறுகளைப் பட்டியலிட்டு, நாங்கள் மீனுக்கு வரைவது போன்ற கிளைமரத்தை அவர் கதைக்கு வரைந்தார். சிவப்பு முக்காட்டுச் சிறுமியின் கதை ஒரு கிளை; ஓநாயும் ஆட்டுக்குட்டிகளும் பற்றிய கதை மற்றொரு கிளை; சீனம், சப்பான், கொரியா ஆகிய நாடுகளில் வழங்கும் கதைகள் இவ்விரண்டும் கலந்து பிறந்தவை என்று முடிவு கூறினார். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து இதைப் படித்தபோது, என் இரு வாழ்க்கைகளும் கைகுலுக்கிக் கொண்டதாக உணர்ந்தேன்.

சிண்டரெல்லாவின் குடும்பம் இதைவிடப் பெரிது. ஒன்பதாம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்ற சீனர் எழுதிவைத்த கதையில் யே சியான் என்னும் பெண்ணுக்கு உதவுவது தேவதையன்று. இறந்துபோன மீனின் எலும்பு. அவள் தவறவிடுவது பொற்காலணி. பெரோவின் கதையில் கண்ணாடிக் காலணி. கிரிம் கதையில் தேவதைக்கு மாறாகத் தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரம். நமக்கு அண்டையிலுள்ள கன்னட நாட்டில், ஏ.கே. இராமானுஜன் ஆராய்ந்து எழுதிய 'ஹஞ்சி' கதையிலோ பெண் களிமண் முகமூடிக்குள் தன் அழகை மறைத்து வாழ்கிறாள். ஒவ்வொரு நாடும் தன் கைக்குக் கிடைத்த பொருளைக் கொண்டு அப்பெண்ணுக்கு உதவியிருக்கிறது.

இக்கிளைமரத்தின் இன்றைய தளிர்களே நான் படிக்கும் நாவல்கள். அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அன்று கம்பளிக்குள் நான் படித்துக்கொண்டிருந்தது அதைத்தான். தரியாகஞ்சின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தை 2019-இல் மகிளா ஹாட் என்ற இடத்திற்கு மாறியதல்லவா? அங்கே வாங்கினேன். கெயில் கார்சன் லெவின் 1997-இல் எழுதிய 'எல்லா என்சான்டட்'. எல்லா என்பது கதாநாயகியின் பெயர்.

பழைய கதையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சிண்டரெல்லா ஏன் சிற்றன்னை சொன்னதையெல்லாம் செய்தாள்? ஏன் ஒருமுறையேனும் 'மாட்டேன்' என்று சொல்லவில்லை? நற்குணம் என்று பழைய கதை சொல்லி நகர்ந்துவிடும். லெவின் அவ்வாறு நகரவில்லை. எல்லா பிறந்தபோது ஒரு தேவதை அவளுக்கு வரமொன்று அளிக்கிறாள். கீழ்ப்படிதலே அவ்வரம். யார் எதைக் கட்டளையிட்டாலும் அவள் செய்தே தீரவேண்டும். மறுத்தால் தலை சுற்றும், உடல் நோகும். இந்தச் சாபத்தைப் பற்றி வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் தாயின் கட்டளை. அதற்கும் அவள் கீழ்ப்படிய வேண்டும். ஊரார் கண்ணுக்குக் குணவதி. உள்ளே அவள் ஒரு கைதி. முடிவில் அவளை விடுவிப்பவர் தேவதையுமல்லர், இளவரசனுமல்லர். தன்னை மணந்தால் தன் சாபத்தின் வழியாக இளவரசனுக்குத் தீங்கு நேரும் என்று அறிந்து, 'மணந்துகொள்' என்ற கட்டளையை அவள் முதன்முறையாக மறுக்கிறாள். மறுத்த அக்கணத்தில் சாபம் உடைகிறது.

இதை நான் பன்னிரண்டு வயதில் படித்திருந்தால் நல்ல கதை என்று மூடி வைத்திருப்பேன். இருபத்துமூன்று வயதில் அவ்வாறு மூட முடியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் வளர்ந்த எனக்குச் சிறுவயது முதல் கிடைத்த ஒரே பட்டம், 'சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை' என்பது. உயிரியல் படி என்றார்கள், படித்தேன். அதை விரும்பவும் செய்தேன். அது என் நற்பேறு. படிப்பு முடிந்ததும் ஊருக்கு வந்துவிட வேண்டும், பக்கத்துப் பள்ளியில் வேலை, அடுத்து சாதகம் பார்த்தல் என்று வீட்டில் எல்லாம் வகுத்து வைத்திருந்தார்கள். "சரிம்மா" என்பதைத் தவிர வேறு விடை என் வாயில் வந்ததேயில்லை. அச்சொல்லைக் குணம் என்றே எண்ணியிருந்தேன். அது பழக்கமாகவும் இருக்கலாம் என்று ஒரு சிறுவர் நூல் எனக்குச் சொல்லிற்று.

தை மாதத்தில் ஒரு நாள் தொலைபேசியில் அம்மாவிடம், "இல்லம்மா, நான் ஆராய்ச்சிப் படிப்புக்கு எழுதிப் போடப் போறேன்" என்று சொன்னேன். சாபமொன்றும் இடிமுழக்கத்தோடு உடையவில்லை. மூன்று நாள் அம்மா பேசவில்லை. அவ்வளவுதான் நிகழ்ந்தது. நான்காம் நாள் அழைத்தபோது, என்ன பேசுவதென்று தெரியாமல் எல்லாவின் கதையைச் சொன்னேன். என் ஆச்சி எங்களுக்குக் கதை சொன்ன திண்ணையில் அமர்ந்துதான் அம்மா கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். கதை முடிந்ததும் அவள், "அந்தப் பிள்ளை ஏன் முதல்லயே வாயத் தொறந்து சொல்லல?" என்றாள். அவள் கேட்டது எல்லாவைப் பற்றியா, என்னைப் பற்றியா? இன்னும் விளங்கவில்லை. முடிவு இன்னும் எட்டப்படவில்லை. ஆனால் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

திருப்பிச் சொல்லும் கதைகள் எல்லாம் நன்று என்று நான் வாதிட வரவில்லை. பழைய பொம்மைக்குப் புதுச் சட்டை தைப்பதோடு நின்றுவிடுபவை பல. இளவரசியின் கையில் வாளொன்றைக் கொடுத்துவிட்டாலே புதுமை என்று எண்ணுபவை சில. நல்லவற்றை அறிய எளிய வழி ஒன்றுண்டு. பழைய கதை விடை கூறாமல் விட்ட கேள்வி எதையேனும் புதிய கதை எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். நம் புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் செய்தது அதுதான். சீதையைத் தீக்குளிக்கச் செய்த செய்தி அகலிகையின் காதில் விழுந்தால் என்னவாகும் என்று அவர் கேட்டார். அவள் மீண்டும் கல்லானாள். அதைச் சிறுபிள்ளைக் கதை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஆங்கில அறிஞர் டோல்கீன் 1939-இல் செயின்ட் ஆன்ட்ரூசு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், தேவதைக் கதைகள் குழந்தைகளின் உடைமையானது தற்செயலே என்றார். பெரியவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய நாற்காலிகள் குழந்தைகளின் அறைக்குச் செல்வதோடு அதை ஒப்பிட்டார். அந்நாற்காலியைத் துடைத்தெடுத்து மீண்டும் கூடத்தில் போட்டு அமர்வதில் வெட்கத்திற்கு என்ன இருக்கிறது?

என் கட்சியைச் சொல்லி முடித்தேன். தீர்ப்பு உங்கள் கையில். அப்புத்தகத்தை வாங்கிப் படிக்க விரும்பும் அன்பர்கள் சில நாள் பொறுத்திருக்க வேண்டும். இப்போது என் அறைத்தோழி அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அட்டை வெளியே தெரியாமல் செய்தித்தாளால் உறை போட்டிருக்கிறாள்.