பிரான்சிஸ் கெரேயும் காண்டோக் கிராமப் பாடசாலையும்

கட்டடக்கலைஞர் ஒருவர் உலகப்புகழ் பெற்றார் எனக் கேட்ட அளவில், வானளாவும் மாடங்களையும் கண்ணாடிக் கோபுரங்களையுமே நாம் மனத்தகத்தே எண்ணிக்கொள்கின்றோம். கட்டடக்கலைத் துறையின் மிகவுயர்ந்த மதிப்பாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் பரிசினை 2022ஆம் ஆண்டிற் பெற்ற பிரான்சிஸ் கெரேயின் புகழோ மூன்று வகுப்பறைகளைக் கொண்ட ஒரு கிராமப் பாடசாலையிலிருந்து தொடங்கியது. அப்பாடசாலையின் சுவர்கள் மண்ணால் ஆனவை. அப்பரிசினைப் பெற்ற முதல் ஆபிரிக்கர் அவரே.

மேற்கு ஆபிரிக்காவிலே, இன்று புர்க்கினா பாசோ என வழங்கும் நாட்டிற் காண்டோ என்னுஞ் சிற்றூரில் 1965ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அவ்வூரில் மின்சாரம் இல்லை, நல்ல குடிநீர் இல்லை, பாடசாலையும் இல்லை. ஊர்த்தலைவரின் மூத்த மகனாகிய அவரே அவ்வூரிலிருந்து பள்ளிக்குச் சென்ற முதற் பிள்ளை. அதன்பொருட்டு ஏழாவது வயதிலே பெற்றோரைப் பிரிந்து தெங்கொடோகோ என்னும் நகருக்குச் செல்ல நேர்ந்தது. ஆங்கு சீமெந்துக் கற்களாற் கட்டிய அறையொன்றில், காற்றும் ஒளியும் போதியவாறு புகாத நிலையில், நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு அமர்ந்து அவர் பயின்றார். நண்பகலிலே தகரக் கூரையின்கீழ்ப் பாடஞ் சொல்லிய ஆசிரியர் எவருக்கும் அந்நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விடுமுறைக்கு வந்து மீளுந்தோறும் ஊர்ப்பெண்கள் தம்மிடமிருந்த கடைசிக் காசையும் அவர் கையிற் கொடுத்து அனுப்புவர். இவர்கள் ஏன் என்மீது இத்துணை அன்பு காட்டுகின்றனர் என அவர் தாயை வினவினார். உன் கல்விக்கு அவர்கள் அளிக்கும் பங்கு அது. நீ ஒருநாள் மீண்டு வந்து ஊருக்கு உதவுவாய் என்று எதிர்பார்த்தே கொடுக்கின்றனர் என்பது தாயின் விடையாக இருந்தது. கெரேயின் பிற்கால முயற்சி யாவற்றையும் அக்காசின் கடனாகவே கொள்ளுதல் பொருந்தும் என்பது என் துணிபு.

1985ஆம் ஆண்டிலே தச்சுத்தொழில் பயிலும் உதவிப்பணம் பெற்று அவர் பேர்லின் சென்றார். பகலிற் கூரை வேலையும் தளபாட வேலையும். இரவில் உயர்தரக் கல்வி. 1995இல் அந்நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலை பயிலப் பரிசில் கிடைத்தது. பட்டம் பெறும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1998இற் சங்கமொன்றை நிறுவிப் பொருள் திரட்டி, 2001இற் காண்டோவிற் பாடசாலையைக் கட்டி முடித்தார். 2004ஆம் ஆண்டிற் பட்டமும், அப்பாடசாலைக்காக ஆகா கான் கட்டடக்கலை விருதும் ஒருங்கே வந்தன.

மண்ணாற் கட்டுவோம் என்றதும் ஊரார் மகிழ்ந்தனர் என எண்ணற்க. யேர்மனியிற் கற்றவன் கண்ணாடியுங் கொங்கிறீற்றுங் கொண்டு கட்டுவான் என எதிர்பார்த்த அவர்களுக்கு அஃது ஏமாற்றமாயிற்று. மண் மழைக்குக் கரையும் என்பது அவர்கள் கண்கூடாகக் கண்ட உண்மை, அவ்வையம் நியாயமானதே. கெரே வாதிடவில்லை; செய்து காட்டினார். பின்னொரு கட்டடத்தில் மண்கற்களால் வளைவு அமைத்தபோது, முதலில் மாதிரியொன்றைக் கட்டி, அதன்மீது ஆட்களை ஏற்றிக் குதிக்கச் செய்து அதன் வலிமையை மெய்ப்பித்தார்.

பாடசாலையின் நுட்பத்தைச் சற்று நோக்குவோம். களிமண்ணோடு சிறிதளவு சீமெந்து கலந்து அழுத்திய கற்களாற் சுவர் எழுந்தது. உட்கூரையும் அத்தகைய கற்களாலேயே ஆயது. ஆனால் அக்கற்களுக்கிடையே இடைவெளி விடப்பட்டது. தகரக் கூரை அதன்மேற் படியாது, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் உயர்த்தி நிறுத்தப்பட்டது. வெப்பக் காற்று மேலெழுந்து இடைவெளிகளால் வெளியேற, சாளரங்களின் வழியே குளிர்ந்த காற்று உட்புகும். தகரம் கொதித்தாலும் அவ்வெம்மை வகுப்பறைக்கு நேரே இறங்குவதில்லை. சுவருக்கு வெளியே நீண்டு நிற்கும் கூரை விளிம்போ மழையிலிருந்து மண்ணைக் காக்கின்றது. இதனைப் பழைய மண்வீட்டுக்கு மீளுதல் என்று போற்றுவோர் பிழைபடுகின்றனர். மண் பழையது, அதனைக் கையாண்ட கணக்கு புதியது.

பாரந்தூக்கி கொணர இயலாத இடமாதலின், கம்பிகளைக் கைவாளால் அறுத்துச் சிறு பொறியால் ஒட்டும் வேலையை ஊர் இளைஞரே கற்றுக்கொண்டனர். பிள்ளைகள் அத்திவாரத்திற்குக் கல் சுமந்து வந்தனர். பெண்கள் மணிக்கணக்காக மண்தரையை அடித்து இறுக்கினர்.

அதன்பின் ஆசிரியர் விடுதிகள், பாடசாலை விரிவு, லேயோ நகரில் மருத்துவமனை, கூடுகோவில் உயர்நிலைப் பாடசாலை எனப் பணிகள் பெருகின. 2017இல் இலண்டன் கென்சிங்ரன் பூங்காவில் அவர் அமைத்த மண்டபம், ஊரார் கூடிப்பேசும் மரத்தின் நிழலை நினைந்து ஆக்கியது. மழைநீர் கூரையின் நடுவே திரண்டு அருவிபோல விழுமாறு அதனை அமைத்திருந்தார். இவை யாவும் சிறப்புடையனவே எனினும், காண்டோவின் முதற் கட்டடத்தையே யான் மேலாக மதிக்கின்றேன். 120 பிள்ளைகளோடு தொடங்கிய அப்பாடசாலையிற் பயில்வோர் தொகை பின்னர் 700 ஆக உயர்ந்தது. அங்கே தொழில் கற்ற இளைஞர் பிறவிடங்களிலும் கட்டடவேலை பெற்றனர். அயற்கிராமத்தவரும் ஒன்றுகூடி, அம்முறையிலேயே தமக்கும் பாடசாலை கட்ட முற்பட்டனர்.