ஒரு பங்கின் பழைய விலைகளைப் படிப்பது எப்படி?

ஆரணியில் நான் பணியாற்றும் கல்லூரியில் செய்முறை வகுப்பு முடிந்த ஒரு மாலை. மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"சார், 1993-ல 9,500 ரூபா போட்டவங்களுக்கு இப்போ பதினஞ்சு கோடின்னு போட்டிருக்காங்க. நெஜமா சார்?"

அவருடைய தந்தை பட்டு நெசவாளர். தறிக் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டு முடிந்து, எண்பதாயிரம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டும். அதுவரை இந்தப் பணத்தைப் பங்கில் போட்டு வைக்கலாமா என்பதுதான் வீட்டில் நடந்த பேச்சு. ஆகவே மாணவர் கேட்டது வெறும் பொது அறிவுக் கேள்வியன்று.

படத்தில் இருந்த நிறுவனம் இன்போசிஸ். கணக்கை முதலில் சரிபார்ப்போம். 1993 பிப்ரவரியில் இந்நிறுவனம் பங்கு ஒன்று 95 ரூபாய் என்று பொதுமக்களுக்கு வெளியிட்டது. அப்போது அதை வாங்கப் போதிய பேர் முன்வரவில்லை என்பது வேடிக்கை. நூறு பங்கு வாங்கியவர் கொடுத்தது 9,500 ரூபாய். 1994, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கிடைத்தது. நூறு எண்ணூறு ஆயிற்று. 2000-இல் பங்கின் முகமதிப்பு பத்து ரூபாயிலிருந்து ஐந்தாகப் பிரிக்கப்பட்டது, 1,600. 2004-இல் ஒன்றுக்கு மூன்று போனஸ்; 6,400. பிறகு 2006, 2014, 2015, 2018 ஆண்டுகளில் ஒன்றுக்கு ஒன்று. முடிவில் 1,02,400 பங்குகள். பங்கின் விலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15 கோடியே 36 இலட்சம் ரூபாய் வருகிறது. படம் பொய் சொல்லவில்லை.

ஆனால் இதே நிறுவனத்தின் பழைய விலைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் தங்கள் இணையதளங்களில் இதை இலவசமாகவே தருகின்றன. நாள், தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, கைமாறிய பங்குகள் என வரிசையாக இருக்கும். 2004 ஜூலை தொடக்கத்தில் விலை திடீரென்று நான்கில் ஒரு பங்காகி நிற்கும்! அன்று நிறுவனத்தில் தீ விபத்தா? இல்லை. போனஸ் கொடுத்த நாள், அவ்வளவே.

இதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு பாவில் மூன்று சேலை நெய்வதாகக் கொள்வோம். நேற்றுவரை பாவு ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை எழுதிவந்த ஒருவர், இன்று முதல் சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுதுகிறார். நோட்டைப் புரட்டும் வெளியாளுக்கு, பட்டு விலை ஒரே இரவில் மூன்றில் ஒன்றாகிவிட்டதாகத் தோன்றும். தறிக்காரருக்கோ ஓர் இழை கூடக் குறையவில்லை. மாறியது பொருளன்று, அலகு. இயற்பியல் மாணவர் விடைத்தாளில் சென்டிமீட்டரையும் மீட்டரையும் கலந்து எழுதினால் நாங்கள் மதிப்பெண்ணைக் குறைப்போம். பங்கு விலைப் பட்டியலில் இந்தக் கலப்பு சர்வ சாதாரணம்.

நம் மாநிலத்து எடுத்துக்காட்டு ஒன்று: தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து தொடங்கிய, ஓசூரில் கடிகாரம் செய்த டைட்டான். 2011 ஜூனில் அது ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. கூடவே பத்து ரூபாய் முகமதிப்பை ஒரு ரூபாயாகப் பிரித்தது. ஒரு பங்கு இருபது ஆயிற்று. நான்காயிரத்துக்கு மேல் நின்ற விலை இருநூற்றுச் சொச்சமாக இறங்கியது. இதற்கு நேர்மாறாக, சென்னையின் எம்.ஆர்.எஃப். தன் பங்கைப் பல பத்தாண்டுகளாகப் பிரிக்கவே இல்லை. 2023 ஜூன் 13 அன்று அதன் ஒரு பங்கு ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டியது. இதனால் அது 'விலை உயர்ந்த' பங்கு என்றோ, இருநூறு ரூபாய்ப் பங்கு 'மலிவு' என்றோ சொல்வது முழுப் பாவையும் ஒற்றைச் சேலையையும் ஒப்பிடுவது போன்றதாகும்.

ஆகவே பழைய விலைகளை ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். பிரிப்புக்கும் போனசுக்கும் முந்திய விலைகளையெல்லாம் உரிய எண்ணால் வகுத்துவிடலாம். இன்போசிசின் முதல் விலையான 95 ரூபாயை 1,024-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 காசு. ஈவுத்தொகைக்கும் இத்தகைய திருத்தம் உண்டு. 100 ரூபாய்ப் பங்கு 5 ரூபாய் ஈவு கொடுத்தால், உரிமை நாளன்று விலை 95 ரூபாயை ஒட்டித் தொடங்கும். அந்த 5 ரூபாய் காணாமற் போகவில்லை. பங்குதாரரின் வங்கிக் கணக்கில் இருக்கிறது. எனவே முந்திய விலைகளை 0.95-ஆல் பெருக்குவார்கள். இப்படிக் கிடைப்பதே திருத்திய விலை. ஒன்றை மறக்க வேண்டாம்: 9 காசுக்கு இன்போசிஸ் பங்கை எவரும் என்றும் வாங்கியதில்லை. ஒப்பிடுவதற்குத் திருத்திய விலை. வரிக்கணக்குக்கு உண்மை விலை. 2018 ஜனவரி 31-க்குள் வாங்கிய பங்கை விற்கும்போது அந்த நாளின் உச்ச விலையைத் தேடி எடுக்க வேண்டிவரும். வீட்டுப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரம் வைத்திருப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இனி வரைபடம். சாதாரணக் கட்டத்தாளில் சென்டிமீட்டருக்கு நூறு ரூபாய் என்று அளவு வைத்தால், முதல் சில ஆண்டுகள் கீழ்க்கோட்டோடு ஒட்டிப் படுத்துவிடும். அப்போது ஒன்றுமே நடக்காதது போலவும், கடைசிப் பத்தாண்டுகளில் மலை எழுந்தது போலவும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் மடக்கைத் தாளில் வரைந்தால் கதையே மாறுகிறது. அதில் ஒவ்வொரு பத்து மடங்கு ஏற்றத்துக்கும் ஒரே உயரம். 9 காசு 90 காசாவதும், 150 ரூபாய் 1,500 ஆவதும் அங்கே சமம். பணம் போட்டவருக்கும் அவை சமமே அல்லவா?

மாணவரும் நானும் அப்படி வரைந்தோம். 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கணினி நிறுவனங்களின் மேல் உலகமே பித்துக்கொண்டிருந்த காலத்தில், இன்போசிஸ் பங்கு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. பிறகு வந்த போனஸ்களுக்காக 64-ஆல் வகுத்தால் 156 ரூபாய். அதாவது 9 காசிலிருந்து 156 ரூபாய் வரையிலான ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேற்பட்ட ஏற்றம் முதல் ஏழே ஆண்டுகளில் முடிந்துவிட்டது! அங்கிருந்து 1,500-க்கு வர இருபத்தைந்து ஆண்டுகள். ஏற்றம் பத்து மடங்குக்கும் குறைவு. 2000-இல் பத்து இலட்சம் ரூபாய்க்கு நூறு பங்கு வாங்கியவரிடம் 6,400 பங்குகள், 96 இலட்சம் ரூபாய் இருக்கும். ஆண்டு வளர்ச்சி, ஈவுத்தொகை நீங்கலாக, பத்து விழுக்காட்டை எட்டவில்லை. 1993-இல் வாங்கியவருக்கோ அது 35 விழுக்காடு. ஒரே நிறுவனம், ஒரே பட்டியல். படம் போட்டவர் எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார் என்பதில்தான் சூட்சுமம்.

பழைய விலையை வைத்து நாளைய விலையைச் சொல்ல முடியுமா என்று கேட்பீர்கள். 1900-இல் பாரிசில் லூயி பஷெலியே என்பவர் தம் ஆய்வேட்டில் பங்குச்சந்தை விலைகளின் அசைவைக் கணிதமாக்கினார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஐன்ஸ்டைன், நீரில் மிதக்கும் நுண்துகள்களின் தாறுமாறான பிரௌனியன் இயக்கத்துக்கு விளக்கம் தந்தபோது, அதே வகைக் கணிதம்தான் வந்தது. துகளின் அடுத்த அடி எத்திசை என்று சொல்ல இயலாது. எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதைச் சொல்லலாம். அது காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். ஒரு பங்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றரை விழுக்காடு அசைகிறதென்றால், ஏறத்தாழ 250 வேலை நாட்கள் கொண்ட ஓராண்டில் அந்த அசைவு 24 விழுக்காடு அளவில் இருக்கும். ஏறவும் கூடும், இறங்கவும் கூடும்.

இதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். இன்போசிஸ் 2003 ஏப்ரல் 10 அன்று ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் வீழ்ந்தது. 2013 ஏப்ரல் 12 அன்று ஐந்தில் ஒரு பங்கு. இரண்டும் அலகு மாற்றமல்ல, உண்மையான வீழ்ச்சிகள். அமைதியான நீர்த்துகள் கணக்குப்படி இத்தகைய நாள் வருவதற்குப் பேரண்டத்தின் வயதே போதாது. மனிதர்கள் மகரந்தத் துகள்கள் அல்லர். ஒருவர் விற்பதைப் பார்த்து மற்றவரும் விற்பார்கள்.

படத்தில் வராத பட்டியல்களும் உண்டு. அதே கணினித் துறையில் புகழோடு இருந்த சத்யம் நிறுவனத்தின் தலைவர், 2009 ஜனவரி 7 அன்று கணக்குகள் பொய்யானவை என்று கடிதம் எழுதினார். அன்று ஒரு நாளிலேயே பங்கு தன் விலையில் முக்கால் பங்குக்கும் மேல் இழந்தது. முந்திய நாள்வரை அதன் வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் இது தெரிந்திருக்காது. பொய்க் கணக்கை நம்பி எழுந்த விலைகள் அவை. வென்றவரின் வரலாறு மட்டும் கைப்பேசிக்குக் கைப்பேசி பயணம் செய்கிறது.

மாணவருக்கு நான் கொடுத்த வேலை இதுதான். திருத்திய மாத முடிவு விலைகளை எடுத்துக்கொள்ளவும். 1993 ஜூனிலிருந்து 1995 ஜூன், ஜூலையிலிருந்து ஜூலை என்று ஒவ்வொரு மாதத்திலும் தொடங்கி இரண்டிரண்டு ஆண்டுத் துண்டுகளாக வெட்டவும். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் எண்பதாயிரம் என்னவாகியிருக்கும் என்று எழுதவும். ஏன் இரண்டு ஆண்டு? திருமணம் இரண்டு ஆண்டில் என்பதால்தான். நெடுங்காலச் சராசரி அந்த வீட்டுக்கு உதவாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் மாதத்தில் கையில் எவ்வளவு என்பதே கேள்வி.

ஒரு வாரத்தில் நோட்டோடு வந்தார். பல துண்டுகளில் பணம் பெருகியிருந்தது. சிலவற்றில் பல மடங்கு. ஆனால் 2000-இன் தொடக்கத்து உச்சத்தில் ஆரம்பித்தவற்றில், இரண்டாண்டு முடிவில் எண்பதாயிரம் நாற்பதாயிரத்துக்கும் கீழே இருந்தது. அந்த வரிகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். வீட்டில் தந்தை முதலில் பார்த்ததும் அந்த வட்டங்களைத்தானாம். "இதுல நாம எந்த வரியில நிக்கிறோம்னு தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்று மகன் சொல்ல, மறுநாளே பணம் அஞ்சலகத்துக்குப் போய்விட்டது.

நோட்டு இன்னும் முடியவில்லை. ஈவுத்தொகைக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்ததாக டைட்டானை எடுத்திருக்கிறார். 2011 ஜூனுக்கு முந்திய விலைகளை இருபதால் வகுத்துக்கொண்டிருக்கிறார்.